ஷிப்மென்ட் கிளம்பினால் வீரபாண்டி ஜெயிக்கும்

1

போன மாதம், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான படிவத்தை நிரப்ப உதவி கேட்டு இங்குள்ள நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இங்கு என்றால் டென்மார்க்கின் மேற்கே, வீடுகளுக்குச் சமமாகக் காற்றாலைகள் நிற்கும் ஒரு சின்ன ஊர். திருப்பூர் வீரபாண்டியிலிருந்து நான் இங்கே வந்து பதினோரு வருடம் முடிகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களை வரிசையாக ஒட்டினால், வீரபாண்டி பிரிவிலிருந்து பல்லடம் வரை ரோட்டுக்குப் பந்தல் போடலாம்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: சங்கம், கிளப் எதிலாவது உங்களுக்கு ஈடுபாடு உண்டா? இந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். பாட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, புறா வளர்க்க ஒன்று. எதிலுமே சேராதவனைப் பார்த்தால் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரிப்பார்கள்.

"உண்டு. வாலிபால்," என்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எந்த கிளப்?"

"வீரபாண்டி."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மறுபடி தேடினார். "எந்த நகராட்சியில் இருக்கிறது?"

"திருப்பூர்."

"இங்கிருந்து தெற்கேயா?"

"ரொம்பத் தெற்கே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினிக்குப் பொறுக்கவில்லை. வயது பதினான்கு. டேனிஷ் மொழியில் என்னைவிட வேகமாகப் பேசுவாள், என்னைவிட வேகமாக வெட்கப்படுவாள். "இவர் எங்கள் ஹேண்ட்பால் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காப்பி விற்பவர். அதை எழுதிக்கொள்ளுங்கள்," என்று அவளே சொல்லி முடித்துவிட்டாள். கவுன்ட்டர் பெண் நிம்மதியாக எழுதிக்கொண்டார். நான் "யாங்க" என்றேன். இவர்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு 'யா'. மொட்டையாக யா என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. பழக்கதோஷம்.

வெளியே வந்ததும் யாழினி, "அந்த டீம்ல நீ விளையாடவே இல்ல. பாக்கிறது மட்டும்தான். அது எப்படி உன் கிளப்?" என்று கேட்டாள். 'நீங்க' என்று சொல்லச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போய்விட்டது. இந்த மொழியில் பிரதமரிலிருந்து பூனை வரை எல்லோருக்கும் 'நீ'தான். அவள் என்ன செய்வாள்.

ஆனால் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பார்ப்பது மட்டுமா? அன்றைய தேதியில் எங்கள் ஊர் டீம் எப்பேர்ப்பட்ட ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது தெரியுமா? அதற்குக் காரணமே நான்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

வீரபாண்டிக்கு இரண்டு வாலிபால் டீம். ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. இரண்டிலும் எல்லோரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கம்பெனிக்குப் பின்னால் சரளைக்கல் பொறுக்கிச் சமன்படுத்திய ஒரு மைதானம். அதன் ஓரத்தில் சாயம் போட்ட துணி காயும். ஞாயிற்றுக்கிழமைகளில் லீக். சோமனூர், பல்லடம், வெள்ளகோவில், அவிநாசி என்று சுற்றுவட்டார ஊர்களின் டீம்கள் வரும்.

இரண்டு டீமுக்கும் கோச் கதிர்வேல். என் மாமன் மகன். அந்தக் கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ். நான் இங்கே வருவதற்கு முன்னால் அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவன். இப்போது நான் வேலை பார்க்கும் டேனிஷ் நிறுவனம் அங்கேயேதான் டீ-ஷர்ட்டுகள் வாங்குகிறது. அதாவது முன்பு பையருக்கு, வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, பதில் சொன்ன ஆள், இப்போது பையர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்துக்கே ஜெர்சி தைக்கும் ஊர், தன் டீமுக்கு என்ன போடும் என்று நினைக்கிறீர்கள்? ஷிப்மென்ட்டில் மிஞ்சியதைத்தான். பெண்கள் டீமுக்குக் கிடைத்தது ஃபேஷனுக்காக முதுகில் எண் அச்சடித்த டீ-ஷர்ட். எட்டுப் பேருக்கும் ஒரே எண், இருபத்திமூன்று. முதல் மேட்சில் அம்பயர் தலையில் கை வைத்துவிட்டார். கதிர்வேல் ஓடிப்போய் கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் கறுப்பு டேப் வாங்கிவந்து, ஒவ்வொரு முதுகிலும் இரண்டை மறைத்து, மூன்றை எட்டாக்கி, என்னென்னவோ செய்தான். கேப்டன் ஜெபராணிக்கு மட்டும் இருபத்திமூன்று அப்படியே நின்றது.

ஜெபராணி சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகி புருஷன் ஸ்டீபனோடு திருப்பூருக்கு வந்தவர். அவர் பேக்கிங், ஸ்டீபன் செக்கிங். ஸ்டீபன் ஆண்கள் டீமில் அடிக்கிறவர். ஜெபராணி பெண்கள் டீமுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிறவர். ஸ்டீபனை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டில் ஆட்டம் தெரிந்தவர் ஜெபராணிதான். இது ஸ்டீபனுக்கும் தெரியும்.

இந்தப் பருவம் தொடங்கியபோது எங்கள் நிலைமை சொல்லும்படியாக இல்லை. ஆண்கள் முதல் ஐந்து மேட்சும் தோல்வி. பெண்கள் நான்கு தோல்வி, ஒன்று வாக்-ஓவர். ஆறு பேர் மைதானத்துக்கு வந்து சேரவில்லை என்றால் ஆடாமலே எதிராளிக்கு வெற்றி, அதுதான் வாக்-ஓவர். தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு, பல்லடத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் ஜெபராணியும் இன்னொருவரும் மட்டும் நின்றார்கள். லீக் கமிட்டியில் விதி உண்டு: ஒரே பருவத்தில் இரண்டு வாக்-ஓவர் கொடுத்த டீமுக்கு அடுத்த வருடம் இடமில்லை. ஆண்கள் டீம் எப்படியாவது ஆள் பிடித்துவிடும். பெண்கள் டீம் என்றால் அப்படி இல்லை. ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே வருவதற்குள் பாதிப் பேருக்குக் குழந்தை பிறந்திருக்கும்.

3

எனக்கு ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கே ஹேண்ட்பால் ஹால். பெற்றோர் முறை வைத்து காப்பி, கேக், சாசேஜ் விற்க வேண்டும். குளிர்காலத்தில் எங்களுக்கு மதியம் பன்னிரண்டு ஆகும்போது அங்கே மாலை நாலரை. மைதானத்தில் யாராவது போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போடுவார்கள். நான் சாஸ் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை அதிலும் ஒரு கண்ணைக் காப்பிப் பாத்திரத்திலும் வைத்திருப்பேன். சர்க்கரை கேட்டவருக்கு நான் கடுகுச் சாஸ் கொடுத்த கதையெல்லாம் ஊரில் பிரசித்தம்.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு எனக்குத் தாங்கவில்லை. கதிர்வேலுக்கு நீளநீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தேன். வலைக்கு மேல் பிளாக் போடும்போது கைகளுக்கு இடையே இடைவெளி விடுகிறார்கள், பின்வரிசை தூங்குகிறது, ஸ்டீபன் ஒரே மூலையில் அடிக்கிறார். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்தில் வாலிபால் டீமுக்குத் தண்ணீர் கொடுத்த அனுபவம் போதாதா எனக்கு.

"நெம்ப நல்லா சொன்னீங்க மாப்ள. அப்படியே பண்ணிரலாமுங்க," என்று கதிர்வேல் பதில் அனுப்புவான்.

என்ன ஆச்சரியம், டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. ஆண்கள் அவிநாசியை அடித்தார்கள். பெண்கள் பல்லடத்தைப் பழிதீர்த்தார்கள். அடுத்த வாரம் இரண்டும் வெற்றி. அதற்கடுத்த வாரமும். நான்கு வாரம் தொடர்ந்து ஜெயித்து இரண்டு டீமும் அரையிறுதிக்கு வந்துவிட்டன. நான் தரையில் நடக்கவில்லை. ஆபீசில், பேக்கரியில், சைக்கிள் ரிப்பேர் கடையில் எல்லோருக்கும் எங்கள் பாயின்ட் நிலவரம் தெரியும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தை டேனிஷில் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பெண்கள் அரையிறுதிக்குத் தகுதி பெற்ற அன்று கடைசிப் பாயின்ட் விழுந்ததும், "ஜெயிச்சுட்டோம்! நாம ஜெயிச்சுட்டோம்!" என்று கையைத் தூக்கி டேனிஷில் கத்திவிட்டேன். ஹாலில் சட்டென்று அமைதி. தலையைத் திருப்பி ஸ்கோர் போர்டைப் பார்த்தேன். யாழினியின் டீம் அந்த நொடியில்தான் ஒரே கோலில் தோற்றிருந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு கையில் கிடுக்கி, கிடுக்கியில் சாசேஜ், கூத்தாடிக்கொண்டு நின்றேன்.

அன்று யாழினி என்னுடன் காரில் வரவில்லை. தோழியின் அம்மாவோடு போய்விட்டாள். எனக்கு அது வலித்தது. பெற்ற பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பார்க்காமல் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்கிறானே இந்த மனுஷன் என்று ஹாலில் நாலு பேர் நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

4

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கும். ஒன்று வீரபாண்டி டீம்களின் தோல்வி, வெற்றி, தேதியோடு. இன்னொன்று என் ஆபீஸ் ஷிப்மென்ட் தேதிகள். எந்த வாரம் நான் சிடுசிடுப்பேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள என் மனைவி செய்த ஏற்பாடு அது.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத யாழினி, மூன்றாம் நாள் பால் எடுக்க வந்தவள், பால் டப்பாவோடு அந்தக் கதவு முன்னால் அப்படியே நின்றாள்.

"அப்பா, இங்க வா."

போனேன்.

"இந்தத் தேதி பாரு. ஷிப்மென்ட். இங்க தோல்வி. இது ஷிப்மென்ட். இங்கயும் தோல்வி. இது ஷிப்மென்ட், வாக்-ஓவர். இங்கேருந்து ஷிப்மென்ட் இல்ல. எல்லாம் வின்." விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். "பிளாக் கிளாக் எல்லாம் இல்லப்பா. நீதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வாக்-ஓவர் நாள். அதுக்கு அடுத்த நாள் நீ வீட்டுக்கு கேக் கொண்டு வந்தே. ஆபீஸ்ல உனக்குக் கொடுத்தாங்கன்னு."

கொண்டு வந்தது உண்மை. ஒரு ஆர்டரை ஒரு வாரம் முன்னதாக அனுப்ப முடியுமா என்று என் மேலாளர் பிரிட்டா கேட்டார். நான் கதிர்வேலைக் கேட்டேன். "பண்ணிரலாமுங்க" என்றான். பண்ணியும் விட்டான். கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய செய்தி வந்ததும் பிரிட்டா எல்லோரையும் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, கேக் வெட்டினார். ஜெபராணி மைதானத்தில் ஆள் இல்லாமல் நின்றது அதற்கு முந்தின நாள் ஞாயிறு. மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? பேக்கிங் டேபிளில். என் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பூரில் பையரிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. சாயத்தில் தண்ணீர்ப் பிரச்சினையா, நூல் வரவில்லையா, கரண்ட் இல்லையா, எதுவானாலும் வாயில் வருவது "பண்ணிரலாமுங்க". அதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை கல்யாணம், எத்தனை காய்ச்சல் அமுங்கிக் கிடக்கிறது என்பது சொல்கிறவனுக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் நானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் சொன்னவன். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும், வெள்ளைக்காரனைப் போல அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். இந்த மறதியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு ஷிப்மென்ட் தாளை இன்னும் ஒருமுறை பார்த்தேன். அரையிறுதி வரும் ஞாயிறு. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை ஒரு கன்டெய்னர். எங்களுடையது.

5

உடனே கதிர்வேலைக் கூப்பிட்டேன்.

"ஏனுங் மாப்ள, சாப்டாச்சுங்களா? அங்க பனி எப்படீங்க?"

"பனி கெடக்குதுங்க. வர்ற அரையிறுதிக்கு எல்லாரும் வந்துருவாங்களா?"

"அதெல்லாம் பண்ணிரலாமுங்க."

"திங்கக்கிழமை ஷிப்மென்ட் இருக்குதே?"

"அதும் பண்ணிரலாமுங்க."

"ரெண்டையும் எப்படீங்க பண்ணுவீங்க?"

பின்னால் டேப் ஒட்டும் சத்தம் சர்ரென்று கேட்டது. "நீங்க அதையெல்லாம் எதுக்குங்க மாப்ள மனசுல போட்டுக்கறீங்க. பொண்ணு எப்படி இருக்குது? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"மாப்ள, முருகன் மேல ஆணையாச் சொல்லுங்க. அந்த வாக்-ஓவர் என்னாலதானுங்களா?"

"சேச்சே. அதெல்லாம் போச்சாதுங்க."

போச்சாது என்றால் எங்கள் பக்கம் பரவாயில்லை என்று அர்த்தம். இல்லை என்று அவன் சொல்லவில்லை. அதற்குள் போன் கைமாறியது. பக்கத்து டேபிளில் இருந்த ஜெபராணி.

"அண்ணே, இவிய சொல்ல மாட்டாவ, நான் சொல்லுதேன். அன்னைக்கி ஞாயித்துக்கெழமை எட்டுப் பேர்ல ஆறு பேரு இங்க பெட்டி கட்டிட்டு நின்னாவண்ணே. நானும் இன்னொரு புள்ளையும் மட்டும் கெஞ்சிக் கூத்தாடிப் போனோம். போயி என்ன செய்ய? இந்த ஞாயித்துக்கெழமையும் அப்படித்தான். பொறவு அடுத்த வருசம் எங்க டீமே கெடையாது."

"எதுனால இவ்வளவு நேரம் ஆகுதும்மா?"

"நீங்கதானண்ணே ஒரு பெட்டியில அஞ்சு சைஸையும் கலந்து போடச் சொல்லுதிய. இதுல ரெண்டு, அதுல நாலுன்னு எண்ணி எண்ணி வைக்கணும். ஒண்ணு மாறிச்சுன்னா மொத்தப் பெட்டியையும் பிரிக்கணும். ஒரு பெட்டிக்கு ஒரே சைஸுன்னா சனிக்கெழமை சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவோம்."

இதை எனக்கு இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு மூன்று காரணங்களோடு போனேன். பெட்டிக்கு ஒரே சைஸ் என்றால் எண்ணிக்கைத் தவறு குறையும், சோதனை எளிது, இங்கே கிடங்கில் அடுக்க வசதி. பிரிட்டாவுக்கு அறுபது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் மூன்றையும் சொல்லி முடிக்கும்வரை பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் சரி. நிஜக் காரணம் என்ன?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். மைதானம், வாக்-ஓவர், ஜெபராணி, என் மகள் ஃபிரிட்ஜ் கதவில் கண்டுபிடித்தது. அந்த கேக்கையும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. "ஞாயிற்றுக்கிழமையா? நம் ஆர்டருக்காக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார்களா?"

"யாங்க."

"ஒரு வாரம் முன்னதாக முடியுமா என்று நான் கேட்டேன். முடியும் என்றாய். எப்படி முடியும் என்று நீ ஏன் சொல்லவில்லை?"

அங்கே கதிர்வேல் எனக்குப் பண்ணிரலாமுங்க என்றான். இங்கே நான் பிரிட்டாவுக்கு அதையேதான் டேனிஷில் சொல்லியிருக்கிறேன். தப்பு அவன் பேரில் பாதி, என் பேரில் முழுசு. பிரிட்டா திட்டவில்லை. கிடங்குக்குப் போன் போட்டார். கலந்து வரும் பெட்டிகளையெல்லாம் அவர்கள் இரண்டு வருடமாக உடைத்து, சைஸ் வாரியாகப் பிரித்துத்தான் அடுக்கிக்கொண்டிருக்கிறார்களாம். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையாம். உலகம் முழுக்கத் திருப்பூர்தான் போலிருக்கிறது.

பத்து நிமிடத்தில் பேக்கிங் முறை மாறியது. அந்த மெயிலை நானே அனுப்பினேன்.

6

சனிக்கிழமை, இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதிர்வேல் ஒரு படம் அனுப்பினான். பேக்கிங் ஹால் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கியிருந்தது. பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கீழே ஒரே வரி: "மாப்ள, முடிஞ்சுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காப்பி முறை. ஆனால் இந்தத் தடவை ஒரு காரியம் செய்தேன். யாழினி ஆடிய நேரம் முழுக்கப் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, காப்பியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மகள் இவ்வளவு பலமாகப் பந்து எறிவாள் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதினொன்றரைக்கு அவர்கள் ஆட்டம் முடிந்தது. நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அவர்களும் இந்த வருடம் கடைசி இடத்திலிருந்துதான் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நான் முதல்முறையாக அந்த ஹாலில், சரியான நேரத்தில், "ஜெயிச்சுட்டோம்" என்று கத்தினேன். நாலைந்து பேர் திரும்பி ஸ்கோர் போர்டைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு காப்பி மேஜைக்குத் திரும்பி, போனைத் திறந்தேன். ஆண்கள் ஆட்டம் முன்பே முடிந்திருந்தது. சோமனூரிடம் மூன்றாவது செட்டில் இரண்டு பாயின்ட்டில் தோற்றுவிட்டார்கள். சோமனூரில் எனக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. அன்றைக்கு அவர்கள் யாருடைய போனையும் நான் எடுக்கவில்லை. ஐந்து மேட்ச் தோற்று அரையிறுதிவரை வந்த டீம் அது. அடுத்த வருடம் சோமனூர் கவனமாக இருக்கட்டும்.

பெண்கள் ஆட்டம் பன்னிரண்டுக்கு. வெள்ளகோவில் உயரமான பிள்ளைகள். எங்கள் பக்கம் எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். ஆறு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே, முதுகில் கறுப்பு டேப். அந்த எட்டுப் பேரையும் ஒன்றாகப் பார்த்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி வாங்க வந்த ஒரு அப்பா என்னவென்று கேட்டு நின்றார். அவர் நின்றதால் இன்னொருவர் நின்றார். கொஞ்ச நேரத்தில் சாஸ் பாட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

முதல் செட் போயிற்று. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த யாழினி சாஸ் பாட்டிலில் சாய்ந்திருந்த போனை எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். "இப்படி வெச்சா பின்னாடி யாருக்கும் எதுவும் தெரியல."

ஸ்டீபன் கோட்டுக்கு வெளியே நின்று "ஏ ராணி, ஒசரத் தூக்கு!" என்று கத்துவது கேட்டது. ஜெபராணி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாவது செட்டில் அவர் தூக்கிக் கொடுக்கும் முறையை மாற்றினார். எல்லோரும் முன்னால் கொடுப்பார் என்று பார்த்திருக்க, தலைக்குப் பின்னால் கொடுத்தார். வெள்ளகோவில் பிளாக் ஒரு பக்கம் குதித்தது, பந்து இன்னொரு பக்கம் இறங்கியது. யாழினி "ஓ!" என்றாள். ஆட்டக்காரிக்குத்தான் அது தெரியும். இரண்டாவது செட் எங்களுக்கு.

"இருபத்திமூணு யாரு?" என்றாள்.

"ஜெபராணி. அவங்கதான் எங்கிட்ட விஷயத்தைச் சொன்னாங்க."

"நல்லா ஆடுறாங்க." ஆடுறாங்க என்றாள். அந்த மரியாதையைக் கேட்டுக்கொண்டேன். சுட்டிக்காட்டினால் அடுத்த முறை வராது.

மூன்றாவது செட்டில் கடைசியாக ஒரு நீண்ட ஆட்டம். பந்து கீழே விழாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெண் விழுந்து எடுத்தாள், இன்னொருத்தி காலால் தட்டினாள், ஜெபராணி ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியிலிருந்து தூக்கினார். "அடி! அடிங்க!" என்று யாழினி தமிழில் கத்தினாள். கத்தியது வீரபாண்டிவரை கேட்டிருக்கும். பந்து வெள்ளகோவில் மூலையில் இறங்கியது. டேனிஷ்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். அங்கே மைதானத்தில் போன் பிடித்திருந்தவர் அதைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார் போல. ரொம்ப நேரம் எங்களுக்கு வானம் மட்டும் தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்டது. யாரும் போனை அணைக்கவில்லை.

இது நடந்தது போன ஞாயிறு. இன்று புதன். இறுதி ஆட்டம் வரும் ஞாயிறு, அதே மைதானத்தில், பல்லடத்தோடு.

நேற்றுக் காலை பிரிட்டா என் மேஜைக்கு வந்தார். கடைகளில் ஒரு நிறம் வேகமாக விற்றுத் தீர்ந்துவிட்டது, கையில் தயாராக இருக்கும் அதே ரகத்தை வரும் திங்கட்கிழமையே கன்டெய்னரில் ஏற்ற முடியுமா என்றார். "கேட்டுப் பார். ஆனால் சரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராதே. உண்மையான பதிலை வாங்கிக்கொண்டு வா."

கதிர்வேலைக் கூப்பிட்டேன். சாப்பாடு, பனி, ஊட்டு சௌக்கியம் எல்லாம் முடிந்தது. விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை, இத்தனை பெட்டி, முடியுமா.

அவன் தொண்டையைச் செருமினான். ஒரு மூச்சு விட்டான். அவன் வாயில் அந்த வார்த்தை உருள்வது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் ஒரே தடத்தில் ஓடிய வாய் அது. காத்திருந்தேன்.

"அது ஆகாதுங்க மாப்ள," என்றான். "ஞாயித்துக்கெழம எங்க புள்ளைகளுக்கு ஃபைனலுங்க. அடுத்த வியாழக்கிழம வேணா ஏத்தித் தர்றனுங்க."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோனான். "மாப்ள? லைன்ல இருக்கறீங்களா? தப்பா ஒண்ணும் எடுத்துக்காதீங்க."

நான் எழுந்து நின்றிருந்தேன். பிரிட்டா அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "முடியாதாம்!" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, வியாழக்கிழமை என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

எங்கள் ஊர் ஒரு பையரிடம் ஆகாது என்று சொல்லி நான் கேட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. கப்பை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்கிறோம்.